கவனித்துப் பாருங்கள்: தரங்கம்பாடியில இருந்து கோடியக்கரை வரைக்கும் அப்பாவோட அஞ்சு நாள்

போன நவம்பர்ல சண்டே ஸ்கூல்ல மத்தேயு ஆறாம் அதிகாரம் நடத்திட்டு இருந்தேன். "ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப்பாருங்கள்"னு வாசிச்சு முடிக்கல, ரெண்டாங்கிளாஸ் படிக்கிற ஒரு பையன் எந்திரிச்சு "டீச்சர், நீங்க எந்தப் பட்சிய கவனிச்சீங்க?"ன்னு கேட்டான். குறும்புக்குக் கேக்கல, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டான். எனக்குப் பதில் வரல. பதினாறு வருஷமா அந்த வசனத்த பிள்ளைங்களுக்கு மனப்பாடம் பண்ண வச்சிருக்கேன், அவைகள் விதைக்கிறதுமில்லை அறுக்கிறதுமில்லைன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஆனா கவனிச்சுப் பாருங்கன்னு ஆண்டவர் சொன்னது ஒரு கட்டளைங்கறது அன்னைக்கு வரைக்கும் எனக்கு உறைக்கவே இல்ல.

அப்பாவுக்கு 74 வயசு, தூத்துக்குடில உப்பளத்துல முப்பது வருஷத்துக்கு மேல கணக்கு எழுதினவங்க. முழங்கால் ஒத்துழைக்கும்போதே தரங்கம்பாடிய பாத்துடணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்தாங்க, எனக்குக் கோடியக்கரை பறவைங்கள பாக்கணும், ரெண்டும் ஒரே கடற்கரை, பொங்கல் லீவும் வந்துச்சு, கிளம்பிட்டோம். கீழ இருக்கறது அன்னன்னைக்கு ராத்திரி ரூம்ல உக்காந்து போன்ல டைப் பண்ணினது.

ஜனவரி 15, புதன் - தரங்கம்பாடி

மாட்டுப்பொங்கல். மயிலாடுதுறைல இருந்து வந்த பஸ் ரெண்டு ஊர்ல நின்னுடுச்சு, ரோடு முழுக்க மாடுங்க, கொம்புக்குப் பச்சையும் சிவப்பும் பெயிண்ட் அடிச்சு கழுத்துல நெட்டிமாலை போட்டு கூட்டிட்டுப் போறாங்க. டிரைவர் ஹாரன் அடிக்கவே இல்ல, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு வேடிக்கை பாத்தார். அப்பா என் பக்கம் குனிஞ்சு "போரடிக்கிற மாட்டை வாய்கட்டாயாக"ன்னாங்க. உபாகமத்துல வர்ற வசனம். ஓய்வுநாள் கட்டளைலயும் மனுஷனோட சேத்து மிருகஜீவனையும் சொல்லியிருக்கு, மாட்டுக்கும் ஒரு நாள் லீவு குடுத்த தெய்வம் நம்ம தெய்வம், நாம அத பெருசா பேசறதே இல்லன்னு தோணுச்சு. பக்கத்து சீட் அம்மா ஒரு துண்டு கரும்ப உடைச்சு ரெண்டு பேருக்கும் குடுத்தாங்க, நாங்க யாரு எவருன்னு கேக்கவே இல்ல.

ஊருக்குள்ள நுழையற வாசல் 1792-ல டேனிஷ்காரங்க கட்டினது. அதத் தாண்டினா நேரா கடல் தெரியுது, தெரு அவ்வளவு அமைதி. புதிய எருசலேம் ஆலயம் பூட்டியிருந்துச்சு, லீவு நாள்தானே. வெயில்ல நின்னுட்டு இருந்தோம், எதிர்த்த வீட்டுல கோலத்துக்குத் தண்ணி தெளிச்சிட்டு இருந்த ஒரு அம்மா எங்களப் பாத்துட்டு தன் மகனை சைக்கிள்ல அனுப்பி சாவி வச்சிருக்கவர கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அவங்க நெத்தியில திருநீறு. "உங்க சாமியப் பாக்கத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, பாக்காம போவீங்களா"ன்னாங்க.

1718-ல கட்டின கோயில். ஜெர்மனில இருந்து வந்த மிஷனரி சீகன்பால்கு அய்யர் இங்கதான் அடக்கம் பண்ணப்பட்டிருக்கார். 1706 ஜூலை 9-ல இந்தக் கரைல இறங்கி, பிள்ளைங்களோட திண்ணைப் பள்ளிக்கூடத்துல உக்காந்து மணல்ல விரல் வச்சு ஆனா ஆவன்னா எழுதிக் கத்துக்கிட்டவர். 1719-ல சாகும்போது வயசு 36. அப்பா கல்லறை பக்கத்துல ரொம்ப நேரம் நின்னாங்க. அப்ப உள்ள ஒரு சிட்டுக்குருவி பறந்து பறந்து ஜன்னல் மேல போய் உக்காந்துச்சு. அப்பா உடனே 84-ஆம் சங்கீதம் சொன்னாங்க, "உம்முடைய பீடங்களண்டையில் அடைக்கலான் குருவிக்கு வீடும், தகைவிலான் குருவிக்குத் தன் குஞ்சுகளை வைக்கும் கூடும் கிடைத்ததே." சொல்லிட்டு என்னைப் பாத்து "அடைக்கலான் இதுதான். தகைவிலான் எது?"ன்னு கேட்டாங்க. தெரியலப்பான்னேன். "எனக்கும் தெரியாது"ன்னாங்க. நூறு தடவ பாடின சங்கீதம்.

மதியம் ஒரு சின்ன மெஸ்ல சாப்பாடு 130, பாரை மீன் வறுவல் தனியா 80. சாம்பார்ல இருந்த கறிவேப்பிலைய நான் ஓரமா ஒதுக்கினேன், அப்பதான் படிச்சது ஞாபகம் வந்துச்சு. கறிவேப்பிலையோட அறிவியல் பேரு முர்ரயா கோயனிகீ. அந்தக் கோயனிகீ யாருன்னா இந்தத் தரங்கம்பாடி மிஷனுக்கு 1768-ல டாக்டரா வந்த கோயனிக், செடிகளுக்கு அறிவியல் பேரு வைக்கிற முறைய உண்டாக்கின லின்னேயஸ்கிட்டயே படிச்சவர். அவருக்கு அப்புறம் 1776-ல வந்த மிஷனரி ராட்லர் அய்யர் பிரசங்கத்துக்குப் போற வழியெல்லாம் செடி சேகரிச்சு, காயவச்சு, ஒட்டி, பேரு எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவரே தமிழ்-இங்கிலீஷ் அகராதியும் தொகுத்தார். 1836-ல மெட்ராஸ்ல இறந்தார், அறுபது வருஷம் இந்த மண்ணுலயே இருந்தவர். சொல்லும் செடியும் அவருக்கு ஒரே வேலையா இருந்திருக்கு. படைச்சவர நம்பறவன் படைப்ப பேரு சொல்லித் தெரிஞ்சுக்கணும்னு அவருக்கு யாரும் தனியா பாடம் எடுத்திருக்க மாட்டாங்க. ஒதுக்கி வச்ச கறிவேப்பிலைய எடுத்து மென்னு சாப்பிட்டேன்.

சாயங்காலம் கடற்கரை. மாசிலாமணிநாதர் கோயில் 1306-ல கட்டினது, கடல் அரிச்சு அரிச்சு முன்பகுதியெல்லாம் போயிடுச்சாம், இப்ப பாறாங்கல் கொட்டி வச்சிருக்காங்க. காத்து பலமா இருந்துச்சு, அப்பாவோட துண்டு பறந்துச்சு. இருட்டினப்புறம் அல கல்லுல மோதற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு, அழகா இருந்துச்சுன்னு எழுத நினைச்சேன், ஆனா எனக்குக் கொஞ்சம் பயமாவும் இருந்துச்சு.

ஜனவரி 16, வியாழன் - வேளாங்கண்ணி

இன்னைக்குக் காணும் பொங்கல், இத யோசிக்காம பிளான் போட்டது என் தப்பு. நாகப்பட்டினம் வரைக்கும் நின்னுட்டே வந்தேன், அப்பாவுக்கு ஒரு காலேஜ் பையன் எந்திரிச்சு இடம் குடுத்தான். போன்ல 900 ரூபாய்னு சொன்ன லாட்ஜ்ல நேர்ல போனா 1,800 கேட்டாங்க, கூட்டமாம். பேசிப் பாத்தேன், நடக்கல. வெயில்ல பையத் தூக்கிட்டு மூணு தெரு அலைஞ்சு கடைசில ஒரு வீட்டு மாடி ரூம் 700-க்குக் கிடைச்சுது, சுத்தமா இருந்துச்சு, குளிக்க வெந்நீர் ஒரு குண்டான்ல அவங்களே கொண்டு வந்து வச்சாங்க.

நாங்க சிஎஸ்ஐ, புராட்டஸ்டண்ட் சபை, ஆனா அப்பாவுக்கு மாதா கோயில்னா எப்பவும் மரியாதை. உள்ள போய் அமைதியா உக்காந்துட்டு வந்தோம். ஒரு அக்கா மொட்டையடிச்ச தலைல சந்தனம் தடவிட்டு வாசல்ல இருந்து முழங்காலால நடந்து வந்தாங்க, கூட நடந்த மகள் அவங்க சேலைய கால்ல சிக்காம தூக்கிப் பிடிச்சிட்டே வந்தா.

கடற்கரை பாக்க மனசு கஷ்டமாயிடுச்சு. தண்ணி பாட்டில், பேப்பர் பிளேட், சிப்ஸ் கவர், பாதி தின்ன சோளம், அலை வர்றப்ப எல்லாம் ஒண்ணா உள்ள போய் ஒண்ணா திரும்பி வருது. இதுல நம்ம ஜனங்க இவங்க ஜனங்கன்னு பிரிச்சுப் பேச ஒண்ணுமில்ல, ஜெபம் பண்ணிட்டு வந்தவங்க கைல இருந்த கவரும் அதே மணல்லதான் கிடந்துச்சு. என் பையத் தொறந்து பாத்தேன், ரெண்டு நாள்ல நான் வாங்கின பாட்டில் மட்டும் ஆறு. ஆதியாகமம் ஒண்ணாம் அதிகாரத்துல ஆண்டுகொள்ளுங்கள்னு இருக்கறத பிடிச்சுக்கிட்டோம், ரெண்டாம் அதிகாரத்துல மனுஷன தோட்டத்துல "பண்படுத்தவும் காக்கவும்" வச்சார்னு இருக்கே, அத எத்தன பிரசங்கத்துல கேட்டிருக்கோம்? கத்தோலிக்கர்கள்ல 2015-ல போப் பிரான்சிஸ் பூமியப் பத்தியே ஒரு சுற்றுமடல் எழுதினார், செப்டம்பர் 1-ல இருந்து அக்டோபர் 4 வரைக்கும் படைப்பின் காலம்னு பல சபைங்க சேந்து அனுசரிக்கறாங்க. நம்ம கோயில்ல அறுப்பின் பண்டிகைக்கு வாழைத்தார் ஏலம் விடறதோட படைப்பு முடிஞ்சிடுது. கோபமாத்தான் எழுதறேன், நானும் அந்தக் கோயில்லதான் பாடம் எடுக்கறேன்.

அப்பா கால் நனைக்கும்போது ஒரு செருப்ப அலை இழுத்துட்டுப் போயிடுச்சு. ஒரு மீனவப் பையன், பத்து வயசு இருக்கும், ஓடிப் போய் இடுப்பளவு தண்ணில பிடிச்சுக் கொண்டு வந்து குடுத்தான். காசு நீட்டினேன், வாங்கல.

மெழுகுவத்தி விக்கிற ஒரு அம்மாகிட்ட உக்காந்து பேசினோம், அறுபது வயசு இருக்கும். 2004-ல சுனாமி வந்தது, போன மாசத்தோட 20 வருஷம் ஆச்சு. அது ஒரு ஞாயித்துக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், எங்கெங்கோ இருந்து வந்த ஜனங்க கடற்கரைல நின்னிருந்தாங்க. நாகை மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க. இந்த அம்மாவோட தங்கச்சி மக சங்கு மாலை வித்துட்டு இருந்தவ, திரும்பி வரல. அப்பா மெதுவா "கடலப் பாத்தா கோவம் வருமாம்மா?"ன்னு கேட்டாங்க. "கடலுக்கு என்ன தெரியும்ணே. கோயிலுக்குள்ள ஓடினவங்க பொழச்சாங்க, வெளிய நின்னவங்க போயிட்டாங்க. ஏன்னு நான் கேக்கலன்னு நினைக்காதீங்க, தினமும் கேப்பேன். கேட்டுட்டு மெழுகுவத்தி விப்பேன்"னாங்க.

சிருஷ்டியப் பத்திப் பேசறப்ப நான் எப்பவும் மலை, பூ, வானவில்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். அலை எல்லாம் ஆண்டவரத் துதிக்குதுன்னு ஆக்ஷன் பாட்டு சொல்லிக் குடுத்திருக்கேன். இந்த அம்மா முன்னாடி அந்தப் பாட்டப் பாட எனக்கு வாய் வராது. ரோமர் எட்டுல "சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது"ன்னு பவுல் எழுதினத இன்னைக்கு ராத்திரி மூணு தடவ வாசிச்சேன். கடல் ஏன் அப்படிப் பண்ணுச்சுங்கறதுக்கு அதுல பதில் இல்ல. ஆனா அழகுன்னு மட்டும் சொல்லாம தவிக்குதுன்னும் வேதம் சொல்லுது, அந்த நேர்மை எனக்குத் தேவையா இருந்துச்சு.

ஜனவரி 17, வெள்ளி - வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி

காலைல நாலு இட்லி 40 ரூபா, ரெண்டு சட்னி, கேக்காமலே மூணாவது தடவ சாம்பார் ஊத்தினாங்க. வேதாரண்யம் பஸ்ல ஜன்னல் சீட். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தென்ன மரம் பாத்தா அங்கங்க உச்சி இல்லாம மொட்டையா நிக்குது, 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சிட்டுப் போனதோட மிச்சம்னு கண்டக்டர் சொன்னார். புதுசா வச்ச கன்னுங்க ஆள் உயரம் தாண்டியிருக்கு.

மதியத்துக்கு மேல அகஸ்தியம்பள்ளி உப்பளம். 1930-ல ராஜாஜி திருச்சில இருந்து நடந்து வந்து உப்பு எடுத்த இடம், நினைவுத்தூண் இருக்கு. அப்பா தூணுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு நேரா பாத்திக்கு நடந்துட்டாங்க. வீட்டுல படி ஏற முழங்கால் வலிக்குதுன்னு சொல்றவங்க, வரப்புல எனக்கு முன்னாடி போறாங்க.

இப்ப உப்பு வாரற சீசன் இல்ல, மழைக்காலம் முடிஞ்சு பாத்திய தயார் பண்ற நேரம். ஒரு தம்பி, முப்பது வயசு இருக்கும், அவர் மனைவி, ரெண்டு பேரும் பாத்திக்குள்ள சேத்த மிதிச்சிட்டு இருந்தாங்க. வரிசையா, ஒரு கால் இடம் விடாம. தரை இறுகி சிமெண்ட் மாதிரி ஆகணும், இல்லன்னா தண்ணி கீழ இறங்கிடும், உப்புல மண்ணு ஏறிடும். அப்பா வரப்புல உக்காந்து பேச ஆரம்பிச்சாங்க, அரை மணி நேரத்துல ரெண்டு பேரும் ஒரே கம்பெனில வேலை பாத்தவங்க மாதிரி ஆயிட்டாங்க. எத்தன டிகிரில பாத்திக்கு விடுறீங்க, நஞ்சோடைய எப்ப வெட்டி விடுறீங்கன்னு அப்பா கேக்க, "அய்யா தூத்துக்குடியா? பேச்சுலயே தெரியுதே"ன்னு அவர் சிரிச்சார்.

எனக்கு இதெல்லாம் புதுசு, அப்பா இத்தன வருஷத்துல வீட்டுல இதப் பத்திப் பேசினதே இல்ல, நானும் கேட்டதில்ல. டிகிரின்னா இங்க சூடு இல்ல, தண்ணில உப்பு எவ்வளவு கெட்டின்னு அளக்கறது. கடல் தண்ணி மூணு டிகிரில ஆரம்பிக்குமாம். வெயில்ல நிறுத்தி நிறுத்தி கெட்டியாக்கணும், வழில ஜிப்சம் முதல்ல கீழ படிஞ்சிடும், 25 டிகிரிக்கிட்ட வந்தா உப்பு பூக்க ஆரம்பிக்கும், 30-ஐத் தாண்ட விட்டா மெக்னீசியம் சேந்து கசப்பாயிடும், அதுக்கு முன்னாடி மிச்சத் தண்ணிய, அதான் நஞ்சோடை, வெளிய விட்டுடணும். வெயிலும் காத்தும்தான் முதல் போட்டவங்க, நாம கூலிக்காரங்கன்னு அப்பா சொன்னாங்க.

நான் ரொம்ப நாளா இருந்த ஒரு சந்தேகத்தக் கேட்டேன். "உப்பானது சாரமற்றுப்போனால்"னு ஆண்டவர் சொல்றாரே, உப்பு எப்படிப்பா சாரமில்லாம போகும்? அப்பா அங்க போன வருஷத்து அம்பாரம் ஒண்ணு கீத்து மூடாம ஓரமா இருந்ததக் காட்டினாங்க. மழைல நனைஞ்சு நனைஞ்சு கரைஞ்சு போய், அடில வெள்ளையா ஒரு குவியல் மட்டும் இருந்துச்சு. எடுத்து நாக்குல வைன்னாங்க. வச்சேன். மணல் மாதிரி நறநறன்னுச்சு, கரிப்பு கொஞ்சம்கூட இல்ல. "உப்பு போயிடுச்சு, ஜிப்சமும் மண்ணும்தான் நிக்குது. பாக்கறதுக்கு உப்பாத்தான் இருக்கும். அந்தக் காலத்துல சுத்தம் பண்ணாத உப்புதானே, அவர் சொன்னது இதத்தான்னு நான் வேலைக்குச் சேந்த முதல் மழைக்காலத்துலயே புரிஞ்சுக்கிட்டேன்"னாங்க. எங்க சபைல உப்பப் பத்தி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கேன். பின் பெஞ்சுல உக்காந்திருக்கிற உப்பளத்து ஆளுகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல, மகளும் கேட்டதில்ல.

அந்தத் தம்பியோட மனைவி தூக்குச்சட்டில இருந்து டம்ளர்ல டீ ஊத்திக் குடுத்தாங்க, அவங்களுக்கு வச்சிருந்த டீ அது. காலப் பாத்தேன், ரெண்டு பேருக்கும் குதிகால் வெடிச்சு உப்புத்தண்ணி பட்டு சிவந்து கிடந்துச்சு. மூட்டைக்கு என்ன கிடைக்குதுன்னு அப்பா கேட்டாங்க, அவர் சொன்ன கணக்கக் கேட்டு அப்பா ஒண்ணும் பேசல. கிளம்பறப்ப அவர் மேக்கால வானத்தப் பாத்தார். "நாளைக்கு மழை வரும்ங்கறாங்கய்யா, பாப்போம்"னார்.

ஜனவரி 18, சனி - கோடியக்கரை

விடியறதுக்கு முன்னாடியே ஆட்டோ, போக வர 600 பேசினோம். பனி இருந்துச்சு, அப்பா தலைல மப்ளர். சரணாலயம் 1967-ல அறிவிச்சது. காடுன்னா நான் உயரமான மரமா நினைச்சிட்டு வந்தேன், இது கடற்கரைக் காடு, பாலா மரம், முள்ளு, புதர், குட்டை குட்டையா காத்துக்கு வளைஞ்சு நிக்குது. வெளிமான் கூட்டம் ஒண்ணு, ஆண் மானோட கொம்பு திருகித் திருகி மேல போகுது, அப்படியே நின்னு எங்களப் பாத்துச்சு. மட்டக்குதிரைங்க சதுப்புல மேஞ்சிட்டு இருந்துச்சு. கூட வந்த வாட்ச்சர் அதே ஊர்ப் பையன். கஜாவுக்கு அப்புறம் எத்தனையோ மரம் சாஞ்சு கிடந்ததையும், சீமைக்கருவேலம் புல்வெளிய எப்படிப் பிடிச்சிட்டு வருதுங்கறதையும் தன் வீட்டுக் கஷ்டம் மாதிரி சொல்லிட்டே வந்தான்.

அப்புறம் தண்ணிப்பரப்பு. தூரத்துல வெள்ளையா ஒரு கோடு, நான் நுரைன்னு நினைச்சேன். பூநாரைங்க. தஞ்சாவூர்ல இருந்து வந்த ரெண்டு காலேஜ் பிள்ளைங்க தங்களோட பைனாகுலர அப்பா கைல குடுத்து "தாத்தா, அவசரமில்ல, நல்லா பாருங்க"ன்னு சொல்லிட்டுப் போய் மரத்தடில உக்காந்துட்டாங்க. அரை மணி நேரம் கழிச்சுத்தான் திரும்பி வந்தாங்க. அந்தச் சிவப்பு எங்க இருந்து வருதுன்னு கேட்டேன், அது சாப்பிடற பாசி, சின்ன இறால் இதுல இருந்து வர்ற நிறம்னு வாட்ச்சர் சொன்னான். அப்பா டக்குன்னு பைனாகுலர இறக்கிட்டாங்க. "உப்பு முத்தறதுக்கு முன்னாடி பாத்தித் தண்ணி செவக்கும்லா, அந்தச் செவப்பா?" அதேதான். அந்தக் கரிப்புத் தண்ணில வளர்ற பாசிதான் தண்ணியையும் செவக்க வைக்குது, பறவையையும் செவக்க வைக்குது. முப்பது வருஷம் நான் பாத்த தண்ணி இறக்கை முளைச்சுப் பறக்குதுன்னாங்க அப்பா. நான் அவங்க முகத்தத்தான் பாத்துட்டு இருந்தேன்.

நான் கொண்டு போன சின்ன நோட்டுல ஒவ்வொண்ணா எழுதினேன். கரண்டிவாயன், கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, ஆலா, பனங்காடை, செம்பருந்து. கொசு உள்ளான்னு ஒண்ணு, கைக்குள்ள அடங்கிடும், அது முட்டை வைக்கிற இடம் வடதுருவத்துக்குப் பக்கத்துல இருக்கிற பனிவெளி, அங்க இருந்து இந்தச் சேத்துக்கு வருது. சலீம் அலி வந்து பறவைங்க கால்ல வளையம் மாட்டி ஆராய்ச்சி பண்ணின இடம் இது.

திரும்பி வர்ற வழில கரண்ட் கம்பில சின்னச் சின்னதா ஒரு வரிசை குருவிங்க. முதுகு கருநீலம், தொண்டை செங்கல் நிறம், வாலு ரெண்டா பிரிஞ்சு கம்பி மாதிரி நீட்டிட்டு இருந்துச்சு. நான் சும்மாதான் கேட்டேன். வாட்ச்சர் பையன் நிமிந்துகூட பாக்காம "அதா, தகைவிலான்"னான்.

அப்பா ஆட்டோவ நிறுத்தச் சொன்னாங்க. இறங்கி ரோட்டோரம் நின்னுட்டாங்க. இங்கயேதான் இருக்குமான்னு கேட்டாங்க. இல்ல தாத்தா, குளிருக்கு வடக்க இருந்து வரும், வெயில் ஏற ஆரம்பிச்சா போயிடும், வருஷா வருஷம் வரும்னான். அப்பா கண்ணை மூடிக்கிட்டாங்க, "ஆகாசத்து நாரை தன் வேளையை அறியும்; காட்டுப்புறாவும், கொக்கும், தகைவிலான் குருவியும், தாங்கள் வரத்தக்க காலத்தை அறியும்." எரேமியா. கொஞ்சம் விட்டு மீதியையும் சொன்னாங்க, "என் ஜனமோ கர்த்தரின் நியாயத்தை அறியார்கள்." வாட்ச்சர் பையன் "பைபிள்ல தகைவிலான் இருக்கா?"ன்னு ஆச்சரியமா கேட்டான். எரேமியா தன் ஊர்ல நிமிந்து பாத்திருக்கார், எது எப்ப வருது எப்ப போகுதுன்னு தெரிஞ்சு வச்சிருக்கார், அதனாலதான் அந்த வசனத்த எழுத முடிஞ்சிருக்கு.

பதினொரு மணிக்கு மேல காத்து மாறுச்சு. ரூமுக்கு வர்றதுக்குள்ள மழை, ஆட்டோல ரெண்டு பக்கமும் சாரல், நோட்ட அப்பா சட்டைக்குள்ள வச்சுக் காப்பாத்தினாங்க, என் போன்தான் நனைஞ்சு ஸ்பீக்கர் போச்சு. இறால் தொக்கும் சோறும் 180, சூடா இருந்துச்சு. ராத்திரி பூரா ஓட்டு மேல மழைச் சத்தம். எங்க ஊர்ல இந்தச் சத்தத்துக்காக உபவாச ஜெபம் வைப்போம், நான் போர்வைய இழுத்து மூடிக்கிட்டு நல்ல மழை ஆண்டவரேன்னு சொன்னேன். பக்கத்துக் கட்டில்ல அப்பா தூங்கல. "மிதிச்ச பாத்தி போச்சு"ன்னாங்க.

ஜனவரி 19, ஞாயிறு - வேதாரண்யம், திரும்பற வழி

ஒரு சின்ன சபைல ஆராதனைக்குப் போனோம், தகரக் கூரை, முப்பது பேர் இருப்பாங்க. மழைச் சத்தத்துல பிரசங்கம் பாதி கேக்கல. ஆனா பொது ஜெபத்துல பாஸ்டர் சத்தமா ஜெபிச்சது கேட்டுச்சு, அறுப்புக்கு நிக்கிற சம்பா கதிர் தண்ணில சாயக் கூடாதுன்னும், உப்பளத்து ஜனங்களுக்கு வெயில் குடும் ஆண்டவரேன்னும். முன் வரிசைல ஒரு பெரியவர் ஆமேன்னு அழுதுட்டே சொன்னார், அவர் வயல் அறுப்புக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்துச்சாம். நேத்து ராத்திரி நான் நன்றி சொன்ன அதே மழை. நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார்ங்கற வசனத்துல மழைன்னா ஆசீர்வாதம்னு மட்டும்தான் இதுவரைக்கும் படிச்சிருக்கேன், ஒரு விவசாயி பக்கத்துல உக்காந்து படிச்சதில்ல. ஆராதனை முடிஞ்சு எல்லாருக்கும் சுக்குக் காப்பி குடுத்தாங்க.

பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. அப்பா "உப்பளத்த ஒரு எட்டு பாத்துட்டு போயிடுவோம்"னாங்க. மழைல ஆட்டோக்காரர் 400 கேட்டார், பேரம் பேசல.

அந்தத் தம்பி அங்கதான் இருந்தார், தலைல சாக்க முக்காடு மாதிரி மடிச்சுப் போட்டுக்கிட்டு வரப்ப வெட்டித் தண்ணிய வெளிய விட்டுட்டு இருந்தார். மனைவி வரல, பிள்ளைக்குக் காய்ச்சல். முந்தாநாள் கண்ணாடி மாதிரி இருந்த தரை குழைஞ்சு கால் புதையற சேறா கிடந்துச்சு. அப்பா குடை பிடிச்சுட்டு நின்னாங்க, என்ன சொல்றதுன்னு தெரியாம "எத்தன நாள் வேலை தம்பி?"ன்னு கேட்டாங்க. "பதினஞ்சு நாளுங்கய்யா." சாதாரணமாத்தான் சொன்னார். "வெயில் வரட்டும், திரும்ப மிதிக்க வேண்டியதுதான்." ஃபிளாஸ்க்ல கொண்டு போன சுக்குக் காப்பிய குடுத்தேன், வரப்புலயே நின்னு குடிச்சார். அப்புறம் ஓடிப் போய் கொட்டகைல இருந்து பழைய உப்பு ஒரு கவர்ல கட்டி கொண்டு வந்தார், நல்ல பருவட்டு உப்பு, ரெண்டு கிலோ இருக்கும். ஊறுகாய்க்கு வச்சுக்கோங்கய்யான்னார். அப்பா காசு குடுக்க, அவர் அப்பாவோட கையவே மடிச்சு மூடி விட்டுட்டார்.

இப்ப பஸ்ல இருந்துதான் டைப் பண்றேன். கண்ணாடில தண்ணி ஓடுது, வெளிய ஒண்ணும் தெரியல. அப்பா உப்புக் கவர மடில வச்சிருக்காங்க, சீட்டுல வைங்கன்னா கேக்கல. கொஞ்ச முன்னாடி அந்த நோட்ட வாங்கிப் பாத்தாங்க, எண்ணினாங்க, இருபத்திமூணு பேரு இருந்துச்சு, கடைசில தகைவிலான். ஓரமெல்லாம் நனைஞ்சு மை பரவியிருக்கு. பேனாவையும் வாங்கிக்கிட்டு, தினசரி ஜெபக் குறிப்புல சேக்கணும்னு சொல்லி, "அந்தத் தம்பி பேரு என்ன?"ன்னு கேட்டாங்க.

நான் கேக்கலியேப்பா.

அப்பா பேனாவ மூடாம கைலயே வச்சிருக்காங்க.